பல்லு வண்டியில் பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் காந்திபுரத்திலிருந்து புறப்பட்டோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று நகருக்குள் புகுந்து சினிமாத் தட்டிகளை உலுக்கிக்கொண்டிருந்தது. மழை என்று சொல்ல முடியாத ஒரு தூறல். வேனின் பக்கவாட்டில் 'நடமாடும் பல் சிகிச்சை ஊர்தி' என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. வழியெல்லாம் அது பல்லு வண்டிதான்.

உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, கழுத்தைத் திருப்பும் ஒரு விளக்கு, சிறிய ஜெனரேட்டர், இரண்டு பிளாஸ்டிக் வாளிகள், பத்து லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று. வண்டியை ஓர் அறக்கட்டளை கொடுத்திருக்கிறது. மருத்துவரும் மருந்தும் டீசலும் அரசு செலவு. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து, முடிந்த சிகிச்சையை அங்கேயே இலவசமாகச் செய்வது வேலை. ஒரு பள்ளிக்கு ஆண்டில் ஒரு தடவைதான் முறை வருகிறது. உடன் வரவேண்டிய செவிலியர் பிரசவ விடுப்பில் இருந்தார். ஆகவே நாங்கள் மூவர்: டாக்டர் எஸ்தர், ஓட்டுநர் பழனிச்சாமி, சென்னையிலிருந்து இதை எழுத வந்திருந்த நான்.

டாக்டர் எஸ்தருக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். சிங்காநல்லூரில் வீடு. குறைவாகப் பேசுபவர். அந்தக் குறையைப் பழனிச்சாமி தீர்த்துவைத்தார். அவருக்கு மேல்வரிசையில் இரண்டு பற்கள் இல்லை.

"பல்லு வண்டி ஓட்டறவனுக்கே பல்லு இல்லீன்னு ஊரே சிரிக்குதுங்க சார்" என்றார், கவுண்டம்பாளையத்தைத் தாண்டும்போது.

"வந்து உக்காருங்க, கட்டிவிடறேன்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்" என்றார் டாக்டர், சன்னல் பக்கம் பார்த்தபடியே.

"அந்த நாக்காலியைத் தொடச்சு வெக்கறது நானுங்க. அதுல உக்கார்றவிய என்ன பாடு படறாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

துடியலூர், நரசிம்மநாயக்கன்பாளையம் என்று மேட்டுப்பாளையம் சாலை நேராக வடக்கே போகிறது. இருபுறமும் பம்ப் செட் பட்டறைகள், வார்ப்படத் தொழிற்சாலைகள். இடையிடையே சோளக்காடு. பதினெட்டாவது கிலோமீட்டரில் பெரியநாயக்கன்பாளையம். அங்கே டீக்கடையில் நிறுத்தினோம். வர்க்கி என்கிற மைதா பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடும் பிள்ளைகளை டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதான் காலைச் சாப்பாடு" என்றார். "சக்கரையும் மைதாவும் பல்லிடுக்குல ஒட்டிக்கிட்டு மத்தியானம் வரைக்கும் இருக்கும்."

அங்கிருந்து மேற்கே திரும்பி ஆறு கிலோமீட்டர். எதிரே மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது. நாங்கள் போன ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே நான் பார்த்தது ஒரு குழந்தையின் சொந்த விஷயம்.

ஒன்பது மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. பழனிச்சாமி கிணற்றடியில் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டி, குக்கரில் கருவிகளைப் போட்டு வேகவைத்தார். பல் பிடுங்கும் குறடு, சிறு கண்ணாடி, கொக்கி எல்லாம் அதில்தான் சுத்தமாகின்றன. முதல் விசில் வந்ததும் ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்கைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"சோறுங்களா?" என்று கேட்டான் ஒருவன்.

"கொடாப்புங்க" என்றார் பழனிச்சாமி. "பல்லக் காட்டுனவியளுக்கு மட்டும் ஒரு கரண்டி."

கொடாப்பு என்பது இங்கே கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை. அப்படி ஒரு பலகாரம் இல்லை என்று பையன்களுக்குத் தெரியும். இருந்தாலும் வரிசை வேகமாக நீண்டது.

டாக்டர் எஸ்தர் வேலை செய்யும் விதம் இது. முதலில் பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்து, எதனால் பல் விளக்குகிறார்கள் என்று கேட்கிறார். வேப்பங்குச்சி, கரி, உப்பு, பல்பொடி என்று பதில்கள் வந்தன. சூளைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் செங்கல் பொடி என்றார்கள். அவர் யாரையும் கண்டிக்கவில்லை. பிறகு தன் வாயைத் திறந்து, நடுவிலிருந்து விரலால் எண்ணிக்கொண்டே போய் ஆறாவது பல்லைத் தொட்டுக் காட்டினார். பிள்ளைகளும் தங்கள் வாய்க்குள் விரலை விட்டு எண்ணினார்கள். மரத்தடி முழுக்க எச்சில்.

அந்த ஆறாவது பல்லுக்காகத்தான் இந்த வண்டியே ஓடுகிறது என்று அவர் பிறகு என்னிடம் விளக்கினார். பால் பற்கள் விழுந்து, அந்த இடத்தில் புதிய பல் முளைப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னால், எதுவும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் தானாக முளைக்கிறது. எதுவும் விழாததால் யாரும் கவனிப்பதில்லை. பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைக்கிறார்கள். சொத்தை விழுந்தாலும், வலித்தாலும், "உழுகற பல்லுதானே, உழுந்து மொளைச்சுக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். விழுகிற என்பதைக் கொங்கு நாட்டில் உழுகற என்பார்கள். அது விழுகிற பல் இல்லை. போனால் போனதுதான்.

"பத்துப் பிள்ளைங்க வாயைப் பாத்தா, பாதிப் பேருக்குமேல அந்தப் பல்லுலதான் கறுப்பு" என்றார். "ஒரு சொல்லுல போகுதுங்க சார். உழுகற பல்லுங்கற ஒரு சொல்லு."

மூன்றாம் வகுப்பு வரிசையில் ஒரு சிறுமி தன் முறை வரும்போதெல்லாம் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, பொத்தானுக்குப் பதில் ஊக்கு குத்திய சீருடை. டாக்டர் அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல இருந்தார். கடைசியில் வரிசையில் வேறு யாரும் இல்லாதபோது அவள் ஏறி வரவேண்டியதாயிற்று. பெயர் கோமதி. எட்டு வயது.

வலது கீழ்த்தாடையில், அதே ஆறாவது பல்லில், மிளகு நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. டாக்டர் கண்ணாடியின் பின்புறத்தால் லேசாகத் தட்டினார். சிறுமியின் கண்ணில் நீர் நிறைந்தது.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்க."

"இந்தப் பக்கம் மென்னு திம்பியா?"

"அந்தப் பக்கந்தானுங்க திம்பேன்."

"எத்தனை நாளா?"

"பள்ளிக்கோடம் தொறந்ததுல இருந்துங்க."

"ஊட்டுல ஏன் சொல்லல?"

சிறுமி வண்டியின் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சொன்னா சின்னம்மா புடுங்கிப்போடுவாங்க."

"புடுங்கிப்போட்டா?"

"அது ஞாயித்துக்கெழமைதா உழோணும்."

டாக்டர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார். இரண்டு மூன்று கேள்விகளில் விஷயம் வெளியே வந்தது. கோமதியின் தாய் சரோஜா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தகப்பன் போர்வெல் போடும் லாரியோடு மத்தியப் பிரதேசத்துக்குப் போய் மாதக்கணக்காகிறது. குழந்தை தாயின் தங்கையிடம் வளர்கிறாள். தாய் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள், மாலையில் திரும்பிவிடுவாள். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து வீட்டு ஓட்டின் மேல் எறிவது இந்தப் பக்கத்து வழக்கம். எறிவது யார் வேண்டுமானாலும் எறியலாம். ஆனால் சரோஜா மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள்: உன்ற பல்லையெல்லாம் நாந்தான் எறிவேன். சென்ற வருடம் முன்பல் ஒன்று புதன்கிழமை விழுந்துவிட்டது. சின்னம்மா எறிந்துவிட்டாள். கோமதி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

எனவே இந்தப் பல் ஆடுவதாக நினைத்துக்கொண்டு, அது வார நாளில் விழுந்துவிடக்கூடாது என்று, ஜூன் மாதத்திலிருந்து மறுபக்கம் மென்று, வலியை யாருக்கும் சொல்லாமல், காப்பாற்றிவைத்திருந்தாள்.

"சிமெண்ட்டு ஷீட்டுல எறிஞ்சா சறுக்கித் திரும்பி வந்துருமுங்க. அதான் எனக்கு மொளைக்கல" என்றார் வெளியே நின்ற பழனிச்சாமி. குழந்தையைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"சாமி, இங்க பாரு" என்றார் டாக்டர். "இது உழுகற பல்லே இல்ல. நீ பெரியவளாகி, கெழவியாகற வரைக்கும் உன்கூடவே இருக்கற பல்லு."

"உழவே உழாதுங்களா?"

"உழாது."

அவள் அதுவரை அழவில்லை. இப்போது அழுதாள்.

அருகிலிருந்த பட்டறையிலிருந்து சின்னம்மாவை அழைத்து வந்தார்கள். பெயர் ராசாமணி. கையில் இன்னும் கிரீஸ் இருந்தது. முந்தானையில் துடைத்தபடியே வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, உழுகற பல்லுக்கு என்னத்துக்குங்க இத்தன மெனக்கேடு? புடுங்கிப்போட்டாத் தீந்துது."

டாக்டர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். ஓட்டை ஆழமாகப் போய்விட்டது. வண்டியில் செய்யும் சாதாரண அடைப்பு போதாது. இப்போதைக்கு மருந்து வைத்து மூடலாம், அது ஒரு வாரம் தாங்கும். அதற்குள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தால் வேருக்குச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம். வராவிட்டால் சீழ் பிடிக்கும், பிறகு பிடுங்குவதைத் தவிர வழியில்லை. காசு ஒன்றும் வேண்டாம். ஆனால் நாலைந்து தடவை வரவேண்டியிருக்கும்.

"ஒத்தப் பல்லுக்கு நாலு நாள் பொழப்பக் கெடுத்துக்கிட்டு யாருங்க வாரது? எங்க பட்டறைல ஒரு நாள் போகலீன்னா அடுத்த நாள் வேற ஆளு நிக்கும்" என்றாள் ராசாமணி. கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்தாள். "புடுங்கச் சொல்லவும் பயமா இருக்குதுங்க. நாளைக்கு மொளைக்காமப் போச்சுன்னா, எங்கக்கா என்னயத்தான் பேசும். ஞாயித்துக்கெழமை அவ வருவா. அவகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை டாக்டருக்கு வேறு முகாம் இருந்தது. "நீங்க ஊருல இருப்பீங்கல்ல?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் திங்கட்கிழமை பிற்பகல்தான் சென்னைக்கு ரயில். சரி, நானே சொல்கிறேன் என்றேன். வண்டிக்குள் கிராம்பு வாசம் பரவ, மருந்து வைத்து ஓட்டையை மூடினார். திங்கட்கிழமை தானே ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், அன்று வந்துவிட்டால் நல்லது என்றும் என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

சனிக்கிழமை உக்கடம் பக்கம் சுற்றினேன். குளத்தில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. ஒரு கடைக்காரர் ஆறு வகைப் பல்பொடி வைத்திருந்தார், ஒன்றிலும் விலை ஒட்டியிருக்கவில்லை. அன்றைக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினேன். டிக்கெட் மூன்று ரூபாய். ஊருக்கு வெளியே ஓடைப் பாலத்துக் கட்டையில் கோமதி உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்து, பாவாடை சட்டை போட்டிருந்தாள். நான் வந்த பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கடைசியாக இறங்கிய என்னைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்டாள்.

"இந்த வண்டில வரமாட்டாங்க. அடுத்த வண்டிலதான்" என்றாள், என்னிடமோ தன்னிடமோ.

அடுத்த பஸ்ஸிலும் வரவில்லை. அதற்கடுத்ததற்கு முக்கால் மணி நேரம் ஆனது. காற்றில் சோளத்தட்டு உரசும் சத்தம். மேகம் கொஞ்சம் விலகி மலையின் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. பல் வலிக்கிறதா என்று கேட்டேன். மருந்து வைத்த பிறகு வலியில்லை என்றாள். அது நல்ல செய்தி என்ற தோரணையில் அவள் சொல்லவில்லை.

பஸ்ஸின் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றாள். ஓடவில்லை. பின்படிக்கட்டில் ஒரு கட்டைப்பையோடு சரோஜா இறங்கினாள். முப்பது வயதுகூட இருக்காது. தலைமுடியிலும் புருவத்திலும் பனியன் துணியின் பஞ்சுத் தூசி இன்னும் ஒட்டியிருந்தது. மகளின் கன்னத்தை இரண்டு விரலால் பிடித்து, "எங்க, பல்லக் காட்டு அம்மணி" என்றாள். வேறு எதையும் கேட்குமுன் அதைத்தான் கேட்டாள். கோமதி வாயைத் திறந்து, விரலால் எண்ணி, ஆறாவதைத் தொட்டுக் காட்டினாள்.

"இது உழாதாமா" என்றாள்.

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நடந்துகொண்டே கேட்டாள். குழந்தை ஏன் வலியை மறைத்தாள் என்பதைச் சொன்ன இடத்தில் நடப்பதை நிறுத்தினாள். பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"நானுங்க, ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க அது" என்றாள். "புள்ள அழுதுட்டே நின்னா, பஸ்ஸு கெளம்புது. என்னத்தையாச்சும் சொல்லோணுமில்லீங்களா?"

"நாளைக்கு அழைச்சுக்கிட்டு வரமுடியுமா?"

"நாளைக்கு சரக்கு ஏத்தற நாளுங்க. செக்கிங்குல ஆளு கம்மி. போகலீன்னா மேஸ்திரி பேசறதக் காதுல கேக்க முடியாது." பையைக் கை மாற்றிக்கொண்டு வீடு வரை நடந்தாள். வாசலில் நின்று, "பாக்கறனுங்க" என்றாள்.

கொங்கு நாட்டில் 'பாக்கறனுங்க' என்றால் சரி என்றும் பொருள், முடியாது என்றும் பொருள். முகத்துக்கு நேரே காட்டத் தயங்கும் மறுப்பை மரியாதையாகச் சொல்ல அதைவிட நல்ல சொல் அவர்களிடம் இல்லை. மாலை பஸ்ஸில் நான் திரும்பும்போது சரோஜா பாலத்துக்கு வருகிறாளா என்று பார்த்தேன். வரவில்லை. அதற்கு முன்னால் போன பஸ்ஸில் போய்விட்டாளா, போகவே இல்லையா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பல் பிரிவு வெளி வராந்தாவில் இரண்டு பெஞ்சுகள். கன்னத்தைப் பிடித்தபடி பெரியவர்கள். ஒன்பது, ஒன்பதரை ஆயிற்று. டாக்டர் எஸ்தர் இரண்டு முறை வெளியே வந்து பார்த்தார். இரண்டாவது முறை, "பத்துல எட்டுப் பேர் வரமாட்டாங்க சார். அவிய தப்பில்ல. நாம அவிய ஊருக்கு வருசத்துக்கு ஒருக்காப் போறோம். வாராவாரம் வாங்கன்னு அவியளச் சொல்றோம்" என்றார்.

பத்து மணியளவில் அவர்கள் வந்தார்கள். சரோஜா தூசியெல்லாம் போகக் குளித்து, கனகாம்பரம் வைத்திருந்தாள். கோமதிக்கும் அதே சரத்திலிருந்து கொஞ்சம். பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தது, துடியலூரில் ரயிலைப் பார்த்தோம், அம்மா மடியில் தூங்கினேன் என்று கோமதி கேட்காமலே என்னிடம் சொன்னாள். வெள்ளிக்கிழமை வரிசையில் பின்னால் பின்னால் போய் நின்றவள் அவள்தானா என்று இருந்தது.

நாற்காலியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். ஊசிக்கு முகம் சுளித்தாள், சத்தமில்லை. வேலை அரை மணி நேரத்துக்கு மேல் நடந்தது. முடிந்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்ததும், மரத்துப்போன உதட்டோடு ஏதோ சொன்னாள். யாருக்கும் புரியவில்லை. பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி சொன்னாள்.

"மத்த பல்லையும் நல்லாப் பாருங்க. அதுலயும் ஓட்டை இருக்குமுங்க."

டாக்டர் விளக்கை மறுபடி போட்டு, கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"இல்ல கண்ணு. மத்ததெல்லாம் முத்தாட்ட இருக்குது."

"அப்பாடா" என்றாள் சரோஜா. மகளின் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லை மேலே தொடரவில்லை.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இன்னும் மூணு தடவை வேலை இருக்கும்மா. ஆனா உன்ற வேலை கெட வேண்டாம். நாளைக்கு ஒரு நாள் இருந்தீன்னா, கொஞ்ச நேரம் கூட எடுத்துக்கிட்டு, எல்லாத்தையும் முடிச்சுவிட்டறேன். பல்லுக்கு எப்படிச் செஞ்சாலும் ஒண்ணுதான்."

நல்ல ஏற்பாடு. இன்னும் ஒரே ஒரு நாள் கூலிதான் போகும். சரோஜா மகளின் சடையிலிருந்து நழுவிய கனகாம்பரத்தை எடுத்துத் திரும்பச் செருகினாள்.

"வேண்டாமுங்க டாக்டரம்மா. மூணு திங்கக்கெழமையாவே வெச்சுக்குங்க. ஞாயித்துக்கெழமை பொழுதோட நா திரும்பிப் போகாம ஊட்டுலயே தங்கிக்குவேன்."

"கம்பெனில விடுவாங்களா?"

"சொல்லிப் பாக்கறனுங்க." பிறகு, யாரோ மறுத்துவிடப்போவதுபோல, "பல்லுக்குத்தானுங்களே" என்றாள்.

டாக்டர் சீட்டில் தேதியை எழுதினார். அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வரச்சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர்களிடம் விடைபெற்றேன். வடக்கே போகும் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றார்கள். எனக்கு ரயில் நிலையம் நடந்து போகும் தூரம்தான்.

சென்னையில் நான் குடியிருக்கும் தெருவில் இரண்டு பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அங்கே போகப் பிள்ளைகள் அழுவதையும் தாய்மார்கள் தரதரவென்று இழுத்துப்போவதையும் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். தாயும் பிள்ளையும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வீடு திரும்பவே விரும்புவார்கள்.

சிங்காநல்லூரையும் சோமனூரையும் கடந்து ரயில் திருப்பூரில் நின்றது. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே பனியன் கம்பெனிகள். சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளே நீள மேஜைகளின் இருபுறமும் பெண்கள் குனிந்து துணியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் எங்கோ ஒரு மேஜையில் இன்று ஓர் இடம் காலி. இன்னும் மூன்று திங்கட்கிழமை அது காலியாகவே இருக்கட்டும்.